கையுறைக்காரன் க்ரவுச் ராஜாவான கதை

லண்டனில் தேம்ஸ் ஆற்றின் தென்கரையில் எங்கள் நாடகக் கொட்டகையின் உடுப்பறை என் பொறுப்பு. நிக்கலஸ் க்ரவுச் கையுறை தைக்கும் வேலையை விட்டுவிட்டு எங்களிடம் வந்தவன். ஆறு வருடம் ஈட்டி பிடித்து நின்றான். பேச ஒரு வரியும் கிடையாது. ஆனால் மற்றவர்களின் வரிகளுக்கெல்லாம் அவன் உதடு அசையும்.

ராஜா வேடம் ஹம்ஃப்ரி டில்லியுடையது. அண்ணனுக்கு விஷம் வைத்து அரியணை ஏறும் பிரபுவாக அவன் வந்து நின்றால், மேடைக்குக் கீழே நின்று பார்க்கும் கூட்டம் கொட்டை உடைக்கும் சத்தம்கூட நின்றுவிடும்.

ஒரு வசந்தகாலத்தில் காவலர்கள் ஹம்ஃப்ரியைப் பிடித்துப்போனார்கள். சட்டம் தடைசெய்திருந்த கத்தோலிக்கப் பூசைக்கு ரகசியமாகப் போகிறான் என்று யாரோ புகார் கொடுத்திருந்தார்கள். நேராக உடுப்பறைக்கு வந்து, அவன் பெட்டியைத் திறந்து ஜெபமாலையை எடுத்தார்கள். முந்தைய வாரம் அந்தப் பெட்டியின் பூட்டைச் சரிசெய்து கொடுத்தவன் க்ரவுச்.

அன்று பிற்பகலே நாடகம். அந்த வேடம் முழுக்க மனப்பாடமாக இருந்தது க்ரவுச்சுக்கு மட்டும்தான்.

"யோவ் பின்னாக், கிரீடம் நழுவுது. உள்ள துணி வச்சுத் தையி" என்றான் என்னிடம்.

"ஹம்ஃப்ரிக்குச் சரியா இருந்துச்சு."

"அவன் எங்க இருக்கான்னு தெரியும்ல? உனக்கும் அங்க ஒரு எடம் பாக்கவா?"

தைத்துக் கொடுத்தேன்.

எட்டு மாதம் கழித்து ஹம்ஃப்ரி வெளியே வந்தான். சிறைக் காய்ச்சலில் எலும்பாகியிருந்தான். வீட்டுக்குப் போகாமல் கொட்டகைக்குத்தான் வந்தான். கூட்டத்தோடு கீழே நின்றான். மேடையில் க்ரவுச், நாடகத்து அண்ணனின் பிணத்தருகே வந்து வாயைத் திறந்தான். அதற்குள் கீழேயிருந்து கரகரத்த குரல் ஒன்று அவன் வரியைச் சொல்லிவிட்டது: "இன்று ஒரு நாள் அழுவேன். நாளை முதல் நீங்கள் அழுங்கள்." அடுத்த வரியும் அப்படியே. அதற்கடுத்ததும். க்ரவுச்சுக்கு வேர்த்தது, வசனம் மறந்தது. ஜனம் விழுந்து விழுந்து சிரித்தது.

வாசல்காரர்கள் ஹம்ஃப்ரியை இழுத்துப்போய்த் தெருச் சேற்றில் தள்ளினார்கள். நான் க்ரவுச் கழற்றித் தரும் கிரீடத்துக்காகக் கைநீட்டியபடி திரைக்குப் பின்னால் நின்றேன். போய்த் தூக்கவில்லை.

மறுநாள் அந்த வேடிக்கையைப் பார்க்க இரண்டு மடங்கு கூட்டம். கொட்டகையின் பங்குதாரர்கள் மகிழ்ந்துபோய் க்ரவுச்சையும் ஒரு பங்குதாரனாக்கினார்கள்.

"அந்த டில்லியப் பாத்தா மறுபடியும் வரச் சொல்லு. கூட்டம் நல்லா சேருது" என்றான் என்னிடம்.

ஹம்ஃப்ரி வரவில்லை. ஈஸ்டருக்கு முந்தைய நோன்புக்காலம் முடியுமுன் தங்கை வீட்டில் இறந்துபோனான். க்ரவுச் இன்னும் பதினொரு வருடம் ராஜாவாக இருந்தான். அவன் அங்கிகளுக்கெல்லாம் நான்தான் பொத்தான் தைத்தேன்.