பாப்பம்மாள் கேட்ட கருமாதி

பாப்பம்மாள் அக்காவைப் பற்றிப் பேச்சு வந்தால் எங்கள் ஊரில் இன்றைக்கும் இரண்டு கட்சி உண்டு. சொந்தச் சித்தப்பனை ஒரு பெண்பிள்ளை அப்படிச் செய்யலாமா என்பது ஒரு கட்சி. செய்தது போதாது என்பது இன்னொரு கட்சி. இரண்டாவது கட்சியில் நான் ஒருத்திதான் என்றாலும் பரவாயில்லை, அதில்தான் இருப்பேன்.

அவள் வந்தது 1961 ஆவணியில். தாண்டிக்குடிவரை ஜீப்பில் வந்து, அங்கிருந்து ஒற்றையடிப் பாதையில் ஏறி, தலையில் ஒரு தகரப்பெட்டியோடு எங்கள் வீட்டு வாசலில் நின்றாள். என் மாமனார் திருமலைச்சாமிதான் ஊருக்குக் கிராம முன்சீப். பிறப்பு இறப்புப் பதிவேடுகள் எங்கள் வீட்டு மரப்பெட்டியில் இருந்தன. மாமாவுக்குக் கண்ணில் புரை விழுந்த பிறகு படிப்பதும் எழுதுவதும் மருமகளான என் தலையில் விழுந்திருந்தது.

"நான் நல்லுசாமி மக. பன்னண்டு வயசுல சிலோனுக்குப் போனவ. என் பொறப்பு எழுதியிருக்கான்னு பாத்துச் சொல்லு தங்கச்சி" என்றாள்.

மாத்தளைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்துக் கூலிக்காரர் லயத்தில் இருபத்து மூன்று வருடம். அம்மா தங்கமுத்து அங்கேயே போய்ச் சேர்ந்தாள். நான்கு வருடம் கழித்து அப்பா நல்லுசாமியும் போனார். கொள்ளி வைக்கப் பிள்ளை இல்லை, பங்காளியும் இல்லை. பக்கத்து லயத்துக்காரன் ஒருவன்தான் வைத்தானாம். பிறகு புருசனும் இறந்தான். குடியுரிமைக்கு எழுதிப்போட்டால், நீ இந்த நாட்டுக்காரி இல்லை என்று சொல்லிவிட்டார்கள். ஊரில் அப்பாவின் பங்கு இரண்டு ஏக்கர், காப்பியும் மலைவாழையும். அதில் ஒரு குடிசை போட்டு உட்கார வேண்டும், அவ்வளவுதான் அவள் கேட்டது. அந்த நிலத்தை அவளுடைய சித்தப்பா சேனாதிபதி அனுபவித்துக்கொண்டிருந்தார். போய்க் கேட்டதற்கு, "நீ நல்லுசாமி மகதான்னு சொல்றதுக்கு என்ன அத்தாட்சி?" என்று வாசலிலேயே நிறுத்தித் திருப்பி அனுப்பியிருக்கிறார்.

மூன்று நாள் உட்கார்ந்து தேடினோம். அக்காவுக்குத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் படித்த எழுத்து உண்டு. விரலை வைத்து ஒவ்வொரு வரியாக நகர்த்துவாள். 1926இல் அவள் பிறப்பு கிடைத்தது. தாத்தாவின் சாவு கிடைத்தது. பிறந்த ஒன்பதாம் நாள் இறந்த ஒரு தம்பியும் கிடைத்தான். அப்படி ஒருவன் இருந்ததே அவளுக்குத் தெரியாது. மற்ற வருடங்களையும் பார்த்துவிடலாமே என்று புரட்டியபோது, 1944 மாசியில் அவள் விரல் நின்றுவிட்டது.

நல்லுசாமி, காய்ச்சல். தங்கமுத்து, காய்ச்சல். பாப்பம்மாள், வயது பதினெட்டு, காய்ச்சல். தகவல் சொன்னவர்: தம்பி சேனாதிபதி.

அவள் அழவில்லை. சிரித்தாள். எனக்கு அந்தச் சிரிப்பைப் பார்க்கப் பயமாக இருந்தது. "அங்க நீ எங்காளு இல்லேன்னான். இங்க நான் ஆளே இல்ல, பாத்தியா?" என்றாள்.

மாமாவைக் கேட்டேன். சிலோனிலிருந்து திரும்பி வரும் வழியில் அடிவாரத்தில் மலைக்காய்ச்சல் கண்டு மூவரும் செத்தார்கள், அங்கேயே புதைத்தாயிற்று என்று சேனாதிபதி சொன்னாராம், இவரும் ஊரில் யாருக்கும் சொல்லாமல் எழுதினாராம். போய்ப் பார்த்தீர்களா என்று கேட்டேன். அன்றைக்கு வீட்டுக்கு ஒரு தார் மலைவாழைப்பழம் வந்ததாம், அது மட்டும் நன்றாக ஞாபகம் இருந்தது. மாமனார் என்றும் பார்க்காமல் எனக்கு வாயில் வந்ததைச் சொன்னேன்.

விஷயம் சேனாதிபதியின் காதுக்குப் போயிற்று. புழக்கடை வழியாக வந்து என்னிடம் குழைந்தார். "அந்த மூணு வரியையும் அடிச்சிரும்மா. ஒரு ஏக்கர் குடுத்துர்றேன். திருவிழா சாட்டுறதுக்கு முன்னால சோலிய முடி. ஊருக்குத் தெரிய வேணாம்."

அவருக்கு அவசரம் இருந்தது. எங்கள் ஊர் முத்தாலம்மனின் நகைகள் இருக்கும் சாமிப்பெட்டியைத் திருவிழாவில் தலையில் சுமந்து வருவது அவர்தான். ஊரில் அதைவிடப் பெரிய மரியாதை கிடையாது. பங்காளி வீட்டில் சாவு விழுந்தால், மொட்டையடித்துக் கருமாதி செய்து தீட்டுக் கழிக்கும்வரை பெட்டியைத் தொடக்கூடாது.

அவர் சொன்னதை அக்காவிடம் சொன்னேன். வாங்கிக்கொள் என்று நானே சொன்னேன். தலைக்கு மேல் கூரை வேண்டாமா?

"புழக்கடையில குடுக்குறத வாங்கவா நான் கடல் தாண்டி வந்தேன்? எங்கப்பன் சாகுற வரைக்கும் தம்பி தம்பின்னு காயிதம் போட்டாரு. ஒண்ணுக்கும் பதிலில்ல. செத்தவனுக்கு எப்பிடிப் பதில் போடுவாரு? எங்களக் கொன்னது எங்க வாயால தெரியக்கூடாது தங்கச்சி. அவரு வாயாலதான் தெரியணும். ஊரு முன்னால தெரியணும். நீ ஒரு எழுத்தையும் அடிக்காத."

திருவிழாவுக்கு நாள் குறித்துச் சாட்டுவதற்காக ஊர் சாவடியில் கூடியது. ஊர்ப் பெரியவர் சின்னக்கருப்பன் வழக்கப்படி கேட்டார்: "சேனாதிபதி, பங்காளி வகையறாவுல தீட்டு ஏதும் உண்டா?"

"சுத்தங்க. முப்பது வருசமா எங்க வகையறாவுல ஒரு சாவு இல்ல" என்றார் சேனாதிபதி, சத்தமாக.

பெண்கள் கூட்டத்திலிருந்து பாப்பம்மாள் எழுந்தாள். "ஐயா, ஒரு முறையீடு. நான் செத்துப் பதினேழு வருசம் ஆச்சு. எங்க சித்தப்பா இன்னும் எனக்குக் கருமாதி பண்ணலீங்க."

சிலர் சிரித்துவிட்டார்கள். நான் பதிவேட்டைத் திறந்து 1944 மாசியைப் படித்தேன். தகவல் சொன்னவர் பெயரை மட்டும் வேண்டுமென்றே இரண்டு தடவை படித்தேன். சிரிப்பு அடங்கியது.

பொய் எழுதவைத்தேன் என்று ஒப்புக்கொண்டால் நிலம் போகும், போலீஸ் கச்சேரிக்கும் இழுப்பார்கள். சேனாதிபதி துண்டை உதறித் தோளில் போட்டார். பிறகு நிமிர்ந்து, "எழுதுனது நெசந்தான். எங்கண்ணன் குடும்பம் செத்துத்தான் போச்சு. இவ எவளோ, நெலத்துக்கு ஆசப்பட்டு வந்தவ" என்றார்.

அவளை அடையாளம் தெரிந்தவர்கள் அந்தச் சாவடியில் பத்துப் பேராவது இருந்தார்கள். ஒருவர்கூட வாய் திறக்கவில்லை. எல்லோருக்கும் அவரிடம் ஏதோ ஒரு காரியம் ஆக வேண்டியிருந்தது. போயிற்று, ஒரு ஏக்கரும் போயிற்று என்று நினைத்துப் பதிவேட்டை மூடினேன்.

பாப்பம்மாள் மட்டும் அமைதியாகக் கேட்டாள்: "சரிங்க, நான் எவளோ. செத்துப்போன அந்த மூணு பேருக்கும் கருமாதி எங்க? பதினேழு வருசம் தீட்டோடயா அம்மன் பெட்டியத் தூக்குனாரு?"

இதற்கு ஊர் வாய் திறந்தது. மாடு செத்த வருடம், மழை பொய்த்த வருடம் எல்லாம் வரிசையாக வெளியே வந்தன. மூன்றாம் நாள் ஓடைக்கரையில் மூவருக்கும் கருமாதி செய்து தீட்டுக் கழிக்க வேண்டும், அதுவரை திருவிழா நிற்கும் என்று சின்னக்கருப்பன் சொல்லிவிட்டார். மயிர்தானே, முளைத்துவிடும் என்று நினைத்தாரோ என்னவோ, சேனாதிபதி சரியென்றார்.

மூன்றாம் நாள் வெள்ளனே ஊரே ஓடைக்கரையில் இருந்தது. தலையும் மீசையும் வழித்து, ஈர வேட்டியோடு உட்கார்ந்தபோது சேனாதிபதியை எனக்கே அடையாளம் தெரியவில்லை. வாழையிலையில் மூன்று பிண்டம். செத்தவர்களைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு வைக்கும்படி, சடங்கு செய்ய வந்திருந்த பண்டாரம் சொன்னார்.

"நல்லுசாமியண்ணே, வந்து ஏத்துக்க." முதல் பிண்டத்தை வைத்தார். பாப்பம்மாள் எனக்குப் பக்கத்தில் நின்று வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதாள். அப்பனுக்கு ஒரு பங்காளி கை இப்போதுதான் கிடைத்தது. "மதினி, வந்து ஏத்துக்கங்க." இரண்டாவதும் ஆயிற்று. அவள் முகத்தை முந்தானையால் நன்றாகத் துடைத்துக்கொண்டாள்.

மூன்றாவதைக் கையில் எடுத்தார். "பாப்பம்மா..."

"என்ன சித்தப்பா?" என்றாள் இவள்.

பண்டாரம் திடுக்கிட்டு எழுந்து இரண்டடி தள்ளிப் போனார். சேனாதிபதி கண்ணை இறுக மூடிக்கொண்டு மறுபடி கூப்பிட்டார். "பாப்பம்மா, வந்து..."

"வந்துட்டேன் சித்தப்பா." கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய் அவருக்கு எதிரே, இலைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தாள். வலது கையை நீட்டினாள். "குடுங்க. எனக்குத்தான?"

அவர் கண்ணைத் திறந்தார். உயிரோடு இருக்கிற பிள்ளையின் பேரைச் சொல்லிப் பிண்டம் வைத்தால் அம்மன் சும்மா விடமாட்டாள் என்பது முப்பது வருடம் பெட்டி சுமந்தவருக்குத் தெரியாதா? உதடு அசைந்தது, பேர் வரவில்லை. பிண்டம் கையிலிருந்து நழுவி ஓடைத் தண்ணீரில் விழுந்தது.

"வேணாந்தாயி, கைய எடு. இவ எங்கண்ணன் மக. உசுரோட இருக்கா. நாந்தான் நெலத்துக்காகப் பொய் சொல்லி எழுதவச்சேன்" என்று முனகினார்.

பாப்பம்மாள் நீட்டிய கையை எடுக்கவில்லை. "ஓடைச் சத்தத்துல பின்னால நிக்கிறவங்களுக்குக் கேக்கலையாம். இன்னொருக்கச் சொல்லுங்க சித்தப்பா."

அவர் ஊரைப் பார்த்துத் திரும்பி, சத்தமாக இன்னொரு தடவை சொன்னார்.