சூசைநாதன் போர்த்திய துண்டு

சூசைநாதன் வார்டுக்குள் நுழைந்தால் படுக்கையில் கிடப்பவன் தலையணையை முதுகுக்குக் கொடுத்து எழுந்து உட்கார்ந்துகொள்வான். அப்படி ஒரு மரியாதை. சும்மா வந்த மரியாதை இல்லை. சாக்கடை வெட்டும் கூட்டத்தில் கூலியாகச் சேர்ந்து, சேறு அள்ளி, அந்தக் கையாலேயே எழுத்துக்கூட்டிப் படிக்கப் பழகி, அரசாங்கத் தொழிலாளர் சங்கத்தின் கிளைக்கு நலப் பொறுப்பாளராக உயர்ந்தவர் அவர். எந்த வாத்தியாரும் அவரைத் தூக்கிவிடவில்லை.

உறுப்பினர் யாராவது ஆஸ்பத்திரியில் படுத்துவிட்டால் சங்கம் ஒரு பை கொடுத்தனுப்பும். அதில் கலக்கிக் குடிக்கிற மைலோ மாவு ஒரு டின், ஒரு புது வெள்ளைத் துண்டு, அந்த மாதத்துச் சங்க இதழ். பையை நீட்டிவிட்டுத் திரும்புகிற ஆள் இல்லை சூசைநாதன். பொதுக்கூட்டங்களில் பெரிய மனிதர்களுக்குச் செய்வதுபோல, துண்டை உதறி விரித்து, படுத்திருப்பவன் மார்பின் மேல் தன் கையாலேயே போர்த்துவார். பிறகு கட்டிலின் கால்மாட்டில் நின்று இதழின் தமிழ்ப் பக்கத்தை உரக்க வாசிப்பார். பிள்ளைகளுக்குப் புத்தக உதவி, பாசிர் பாஞ்சாங் கடற்கரைப் பக்கம் குடும்பச் சுற்றுலா, கூட்டுறவுக் கடையில் அரிசி. பக்கத்துக் கட்டில் சீனக் கிழவர்கள்கூடத் தலையைத் திருப்பிக் கேட்பார்கள். ரேடியோவில் அப்படிக் குரல் கிடையாது.

அந்த வருடம் முழுக்க ஒரே ஒரு சேதிக்காகத்தான் எல்லோரும் காத்திருந்தார்கள். வடிகாலில் இறங்குகிறவர்களுக்கு முழங்கால்வரை ரப்பர் பூட்ஸ் வேண்டும் என்று சங்கம் கேட்டிருந்தது. பேச்சு இழுத்துக்கொண்டே போனது. வடிகால் ஆள் முத்துசாமி காலில் புண் வைத்துப் படுத்தபோது சூசைநாதன் துண்டைப் போர்த்திவிட்டுச் சிரித்துக்கொண்டே சொன்னார்: "பூட்ஸ் சேதி வர்ற வரைக்கும் நீ எங்கேயும் போகக்கூடாது, தெரியுமா? இது சங்கத்து உத்தரவு."

முத்துசாமி அந்த வாரமே போய்விட்டான்.

அடுத்து சுந்தரம், எலிக்காய்ச்சல். அதே துண்டு, அதே வாசிப்பு, அதே உத்தரவு. அவனும் போனான். வேலைக்கு ஆட்கள் கூடும் டிப்போவில் ரத்தினம்மா, துடைப்பமும் கையுமாக நின்று, எல்லோர் காதிலும் விழும்படி சொன்னாள்: "அண்ணே, எனக்கு லேசா இருமல்தான். மைலோவைத் தூக்கிட்டு வந்துடாதீங்க லா!" தேக்கா சந்தைவரை கேட்கிற மாதிரிச் சிரித்தார்கள். சூசைநாதனும் சிரித்தார்.

மூன்றாவதாக எட்மண்ட். லூர்து மாதா கோயிலில் சூசைநாதனோடு ஒரே பெஞ்சில் முழங்கால் போடுகிறவன். அவனும் துண்டும் அதே உத்தரவும் வாங்கிய மறுநாள் கண்ணை மூடினான். அதற்குப் பிறகு டிப்போவில் யாரும் சிரிக்கவில்லை.

ஆட்களை மேய்க்கும் கங்காணியான மண்டோர்தான் அவரை ஓரமாக அழைத்துச் சொன்னார். "சூசை, மனசுல வச்சுக்காதே. நம்ம ஆளுங்க செத்தவன் மேல புது வெள்ளைத் துணி போடுவாங்கள்ல, கோடி. நீ உயிரோட இருக்கறவனுக்குப் போட்டுட்டு வர்றியேப்பா."

கோடி போடுவது சூசைநாதனுக்குத் தெரியாத வழக்கமா? எத்தனை இழவு வீட்டில் வரிசையில் நின்றிருக்கிறார்! மரியாதை செய்கிற மிதப்பில் அது தோன்றவே இல்லை. கும்பிடு போட்டவர்கள் இப்போது அவரைக் கண்டால் எதிர்ப்பக்க நடைபாதைக்கு மாறினார்கள். காய்ச்சல் வந்தவன் சங்கத்துக்குச் சொல்லாமல் ஒளிந்து ஆஸ்பத்திரிக்குப் போனான்.

அந்த நாட்களில்தான் மார்சிலிங்கில் இருந்த அவர் அடுக்குமாடி வீட்டுக்கு ஒரு துண்டு வந்தது. ஒன்பதாம் மாடி சமையலறை ஜன்னலுக்கு வெளியே மூங்கில் கழியில் துணி காயப்போட்டிருந்த அவர் மனைவி அல்போன்சம்மாள், கழியை உள்ளே இழுத்தவள் அப்படியே நின்றாள்.

"ஏங்க, இது யார் துண்டு? நான் இதைத் துவைக்கவே இல்லையே."

மற்றத் துணிகள் எல்லாம் அப்பளம்போலக் காய்ந்திருந்தன. அது மட்டும் சொட்டிக்கொண்டிருந்தது. ஓரத்தில் சங்கத்தின் நீல முத்திரை. சூசைநாதன் மோந்து பார்த்தார். சாக்கடை வாடை.

மேல்வீட்டு பரீதாவைக் கேட்டார்கள். தன்னுடையது இல்லை என்றாள். மாடியிலிருந்து கீழே குப்பை விழும் குழாயில் போட்டுத் தள்ளினார். மறுநாள் உச்சி வெயிலில் அது மறுபடி கழியில் தொங்கியது, சொட்டச் சொட்ட.

"அது இருக்கட்டும். தொடாதே," என்றார். அன்றிலிருந்து ஜெபமாலை அல்போன்சம்மாள் கையை விட்டு இறங்கவில்லை. எந்த வெயிலுக்கும் அந்தத் துண்டு காயவும் இல்லை.

இந்தச் சமயத்தில் மருதப்பன் படுத்தான். மருதப்பனும் சூசைநாதனும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். ஒரே சாக்கடையில் இடுப்பளவு தண்ணீரில் நின்றவர்கள். சூசைநாதன் முதன்முதலில் எழுத்துக்கூட்டிப் படித்த வாக்கியத்தைக் கேட்டவன் அவன்தான். டாக்டர் கையை விரிக்கவில்லை, ஆனால் நம்பிக்கையாகவும் பேசவில்லை என்று சேதி வந்தது. அந்த வாரமே புது இதழும் வந்தது. தமிழ்ப் பக்கத்தின் தலைப்பிலேயே பூட்ஸ் சேதி.

போனால் மருதப்பன் செத்துப்போவானா? போகாவிட்டால் தான் எதற்கு நலப் பொறுப்பாளர்? ஊட்ரம் ஆஸ்பத்திரி வரைக்கும் பஸ்ஸில் பையை மடியில் வைத்துக்கொண்டு இதையேதான் புரட்டிப் புரட்டி நினைத்தார். வெளியே மழை பிடித்துக்கொண்டது.

வார்டு வாசலில் மருதப்பனின் மனைவி அன்னம்மா இரண்டு கையையும் விரித்து மறித்துக்கொண்டாள்.

"அண்ணே, உங்க கால்ல விழறேன். அப்படியே திரும்பிடுங்க."

"தங்கச்சி, நான் அவனைப் பாத்துட்டு மட்டும்…"

"மூணு பேரை அனுப்பி வச்சது போதாதா? அந்தப் பையோட உள்ளே வராதீங்க!"

உள்ளேயிருந்து மருதப்பனின் குரல் வந்தது. கிணற்றுக்குள் இருந்து வருவது போலிருந்தது. "விடு அன்னம்மா. அவன்தான் நேத்தே வந்துட்டுப் போய்ட்டானே."

சூசைநாதன் நேற்று மார்சிலிங்கை விட்டு நகரவே இல்லை. அன்னம்மாவின் கைகள் தாமாகவே கீழே இறங்கின.

கட்டிலின் கால்மாட்டில் வார்டு வேலைக்காரி ருக்கையா குனிந்து துடைத்துக்கொண்டிருந்தாள். "காலையிலேர்ந்து துடைக்கிறேன், காயவே மாட்டேங்குது. கூரையும் ஒழுகல. ஒரே சாக்கடை நாத்தம்," என்று முணுமுணுத்தபடி வாளியோடு போனாள். தண்ணீர் பழையபடி ஊறியது. அந்த வாடை சூசைநாதனுக்குத் தெரிந்த வாடை.

"நேத்து நானா வந்தேன், மருதா?"

"உன்ன மாதிரித்தான் இருந்துச்சு. மூஞ்சி சரியாத் தெரியல. பேசாம நின்ன. உன் பின்னாடி முத்துசாமி, சுந்தரம், எட்மண்ட். தோள்ல ஆளுக்கொரு துண்டு. காலெல்லாம் சேறு. எங்க நின்னாங்களோ அங்க தண்ணி சொட்டிச்சு."

"என்ன கேட்டாங்க?"

"பூட்ஸ் வந்துச்சான்னு கேட்டாங்க. சேதி தெரியாம போக முடியலயாம், உத்தரவாம். எட்மண்ட் சிரிக்கிறான்டா. நீயும் எங்ககூட வந்து நில்லு, சேர்ந்து கேப்போம்ங்கறான்." மருதப்பன் மூச்சு வாங்கினான். "இன்னைக்கு வந்தா போயிடுவேன் சூசை. ஒத்தையில படுத்துக் கிடக்க முடியல."

மனிதனைக் கொன்றது துண்டு இல்லை என்று சூசைநாதனுக்கு அப்போது பட்டது. விளையாட்டாகச் சொன்ன ஒரு வார்த்தையை அந்த மூன்று பேரும் கட்டளையாகப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். சங்கம் சொன்னால் நிற்பார்கள். அப்படித்தானே பழக்கியிருந்தார்!

பையைத் திறந்தார். துண்டை எடுத்ததும் அன்னம்மா அலறப்போனாள். அவர் அதை உதறி விரித்துத் தன் தோளிலேயே போர்த்திக்கொண்டார். கூட்டிப் போவதென்றால் முதலில் தன்னைக் கூட்டிப் போகட்டும். பிறகு இதழை விரித்தார். இந்தத் தடவை கட்டிலைப் பார்த்து நிற்கவில்லை. தண்ணீர் ஊறிய அந்த வெறும் தரையைப் பார்த்து நின்றார்.

"அன்பார்ந்த உறுப்பினர்களே!"

குரல் ஒரு முறை உடைந்தது. கனைத்துக்கொண்டு, பொதுக்கூட்டத்தில் போலவே வாசித்தார். வடிகால் பிரிவு ஊழியர் அனைவருக்கும் முழங்கால் அளவு ரப்பர் காலணி வழங்க மேலிடம் ஒப்புக்கொண்டது. சங்கத்தின் விடாமுயற்சிக்கு வெற்றி.

"முத்துசாமி, கேட்டியா? சுந்தரம்? எட்மண்ட், இனிச் சிரிச்சது போதும். பூட்ஸ் சேதி வந்தாச்சு. இனி யாரும் நிக்க வேண்டாம். இதுவும் சங்கத்து உத்தரவுதான்."

தோளில் இருந்த துண்டு கனத்தது. யாரோ ஈரக் கையை வைத்து அழுத்துவதுபோல இருந்தது. ஒரு கை, இன்னொன்று, இன்னொன்று. அவர் அசையவில்லை. பிறகு கனம் குறைந்தது. சூடான தோசைக்கல்லில் தெளித்த நீர் சுருங்குவதுபோலத் தரைத் தண்ணீர் ஓரத்திலிருந்து சுருங்கி நடுவில் மறைந்தது. அன்னம்மாவும் அதைப் பார்த்தாள். பிற்பாடு அவளிடம் யார் கேட்டாலும் பார்த்ததாகவே சொன்னாள்.

"எனக்கு மைலோ கலக்கித் தர்றியா, இல்ல டின்னை அப்படியே வீட்டுக்குக் கொண்டுபோறியா?" என்றான் மருதப்பன்.

வீடு திரும்பியபோது அல்போன்சம்மாள் கதவருகிலேயே நின்றாள். "காஞ்சிடுச்சுங்க. மழையிலயும் மூணும் காஞ்சிடுச்சு."

"மூணா?"

கழியில் வரிசையாக மூன்று வெள்ளைத் துண்டுகள், கஞ்சி போட்டதுபோல விறைப்பாக. அவர் மடித்து எடுத்து வைத்தார். அதற்குப் பிறகு அவர் யாருக்கும் துண்டைப் போர்த்தவில்லை, கையில்தான் கொடுத்தார். வாசிப்பை மட்டும் விடவில்லை. அந்தக் குரலை யார் விடச் சொல்வார்கள்?

மழைக்காலம் முடிவதற்குள் டிப்போவுக்கு லாரியில் பூட்ஸ் வந்து இறங்கியது. மருதப்பன் அதற்குள் தேறி, மெலிந்த காலோடு வரிசையில் முதல் ஆளாக நின்றான். மண்டோர் ஸ்டோர் பூட்டைத் திறந்தவுடனே கத்தினார்: "டேய், புது பூட்ஸைப் போட்டுக்கிட்டு எவன்டா சாக்கடையில இறங்கினது?"

சுவரோரமாக மூன்று ஜோடி, ஒன்றையொன்று ஒட்டி, முழங்கால்வரை சேறு. சேறு இன்னும் காயவில்லை.

சூசைநாதன் அந்த மூன்று ஜோடியையும் தூக்கிக்கொண்டு குழாயடிக்குப் போனார். மருதப்பன் பின்னாலேயே வந்து குழாயைத் திறந்துவிட்டான்.