கத்தரிக்காய்க்குள் வைத்த இரும்பு

என் பட்டறையில் இரும்பைப் பழுக்கவைக்க அடுப்பு கிடையாது. செம்புக் குழாயைச் சுருளாகச் சுற்றி மின்சாரம் விட்டால், நடுவில் நிற்கும் இரும்பு மட்டும் நொடியில் சிவந்துவிடும். இந்தச் சூட்சுமத்தை எனக்கு யாரும் கற்றுக்கொடுக்கவில்லை. ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு, கும்மிடிப்பூண்டிக்குப் பழைய இரும்பு ஏற்ற வந்தவன் நான். இன்று இந்தத் தொழிற்பேட்டையில் ஷாஃப்ட், பல்சக்கரம் எதைக் காய்ச்சிக் கெட்டிப்படுத்தி ஹார்டனிங் செய்ய வேண்டுமானாலும் என்னிடம்தான் வருகிறார்கள். படித்த இன்ஜினியர்கள் கையைக் கட்டிக்கொண்டு நின்று பார்ப்பார்கள். முடியாது என்று நான் யாரிடமும் சொன்னதே கிடையாது.

அதனால்தான், என் வீட்டுக்காரிக்கு நாக்கில் புற்றுநோய் என்று சென்னை ஆஸ்பத்திரியில் சொன்னபோது எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. ஆபரேஷன் செய்து நாக்கில் ஒரு பகுதியை எடுக்க வேண்டும் என்றார் டாக்டரம்மா. வெளியே வந்ததும் அவள் சொல்லிவிட்டாள்: "கத்தி வெச்சா நான் வர்ல. வாய் பேசாம உக்காந்துகினு இன்னா பண்றது? அதுக்கு செத்தே பூடலாம்."

அந்த வாரம் என் மகள் போனில் ஒன்றைப் படித்துக் காட்டினாள். நானோ துகள் என்று பெயராம். கண்ணுக்குத் தெரியாத இரும்புப் பொடி. அதைக் கட்டிக்குள் அனுப்பி, வெளியிலிருந்து சுருளால் சூடேற்றினால் கெட்ட செல் மட்டும் வெந்து சாகும், பக்கத்துச் சதைக்கு ஒன்றும் ஆகாது.

"இது இன்னும் ஆராய்ச்சிலதான் இருக்குது நைனா," என்றாள். அது என் காதில் ஏறவில்லை. சுருள் என்ற சொல்லிலேயே நான் நின்றுவிட்டேன். சுருள் என் தொழில் அல்லவா!

மறுநாள் வீட்டுக்காரியைப் பட்டறைக்கு அழைத்துப்போனேன். ஒரு கத்தரிக்காயின் ஒரு பக்கத்தில் ஆணித் துண்டுகளைச் செருகி, சுருளுக்குள் தொங்கவிட்டு, கரண்டைக் குறைத்துக் கொஞ்சம் ஓடவிட்டேன். பிளந்து காட்டினேன். ஆணியைச் சுற்றி மட்டும் வெந்து கருத்திருந்தது. மற்ற இடமெல்லாம் பச்சை.

"பாத்தியா? இதான் உனுக்கு. கத்தி இல்ல, தையல் இல்ல. நான் கீறேன், பயப்படாத."

அவள் எடுத்து முகர்ந்து பார்த்தாள். "கொழம்புக்கு ஆவாது. ஆனா நல்லாத்தான் கீது." அன்று முதல் தெருவில் போகிறவர்களை நிறுத்தி, "எங்கூட்டு ஆளு எனுக்கு மிஷின் செய்யறாரு" என்று சொல்ல ஆரம்பித்தாள்.

அடுத்த முறை ஆஸ்பத்திரிக்குப் போனபோது, அதேபோல இன்னொரு கத்தரிக்காயை டிபன் பாக்ஸில் வைத்து எடுத்துப்போனேன். அவளைப் பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு நான் மட்டும் உள்ளே போனேன். டப்பாவைத் திறந்து காட்டி, மகள் படித்துக் காட்டியதையும் சொன்னேன்.

"சுருளு நான் சுத்தித் தரேம்மா. எத்தினி கிலோவாட் வோணும்னு மட்டும் சொல்லுங்க."

டாக்டரம்மா சிரித்திருந்தால் சண்டை போட்டிருப்பேன். அவர் சிரிக்கவில்லை. வெந்த இடத்தையும் பச்சை இடத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஐயா, நீங்க சொல்ற வழி சரிதான். இதுல ஆணியை யார் குத்துனது?"

"நான்தான்."

"கண்ணால பார்த்துக் குத்துனீங்க. நாக்குல நல்லதும் கெட்டதும் கலந்து கிடக்குது. அந்தப் பொடி கெட்டதை மட்டும் தேடி, ஒண்ணு விடாம போய் உட்காரணும். பாதி வேற எங்கயோ போயிடுது. அங்கதான் எல்லாரும் நிக்கிறோம். உங்க வீட்டம்மாவுக்குக் குடுக்கிற அளவுக்கு இன்னும் வரல. அதுவரைக்கும் கட்டி காத்திருக்காது."

"எந்த ஊர்ல கெடைக்கும்னு சொல்லுங்க, தூக்கினு போறேன்."

"இதை நம்பிக் கத்தி வேணாம்னு சொல்ற நல்ல டாக்டர் எந்த ஊர்லயும் இல்லங்கய்யா."

எத்தனை டன் இரும்பைச் சிவக்கவைத்தவன்! அதை இந்த இடத்தில் போய் உட்கார் என்று ஏவ எனக்குத் தெரியவில்லை. டப்பாவை மூடிக்கொண்டு வெளியே வந்தேன்.

"இன்னாயா சொன்னாங்க?"

டப்பாவை அவளிடம் நீட்டினேன். அவள் வாங்கித் திறந்தாள். "டாக்டரம்மா துன்னாம அப்டியே உட்டுட்டாங்களா?" என்று சிரித்தாள். என் முகத்தைப் பார்த்ததும் அந்தச் சிரிப்பு நின்றது.

"மிஷினு வராதா?"

தலையைக் குனிந்துகொண்டேன்.

"செரி, தள்ளு." புடவையை உதறிக்கொண்டு எழுந்து அவளே உள்ளே போனாள். கதவு முழுக்க மூடவில்லை. ஆஸ்பத்திரிக்கே கேட்கிற மாதிரி அவள் குரல் வந்தது: "எம்மா, எனுக்கு எவ்ளோ நாக்கு உட்டு வெப்பீங்க?"

டாக்டரம்மா தாழ்ந்த குரலில் ஏதோ சொன்னார். எனக்குச் சரியாகக் கேட்கவில்லை. அவள் பெஞ்சில் விட்டுப்போன டப்பாவை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.