இரண்டாம் முறை வராதவள்

எங்கள் வீட்டுக்கு அம்மன் வந்தபோது வீட்டிலிருந்த ஆண்கள் இருவரும் அன்றைக்கே படியிறங்கிப் போய்விட்டார்கள். பக்திக்கு ஒன்றும் குறைச்சலில்லை. ஆடி மாதம் கோயிலில் கூழ் ஊற்றினால் முதல் வரிசையில் நிற்பவர்கள்தான். ஆனாலும் அவள் நேரில் வந்து இறங்கியதும், கீழே அரிசி மண்டியில் மூட்டைகளுக்கு நடுவே படுத்துக்கொள்வதாக அப்பா சொன்னார். அண்ணன் போகும்போது தான் மட்டும் இருந்தால் மரியாதையாக இருக்காது என்று சித்தப்பாவும் பாயைச் சுருட்டினார்.

வந்தது என் மேல்தான். எனக்கு எட்டு வயது. சாலைக் கடைத்தெருவில், அப்பா வேலை பார்த்த மண்டிக்கு மேலேதான் எங்கள் வீடு. இரண்டு அறை, செங்குத்தான மரப்படி. அம்மா நிறைகர்ப்பிணி. படி ஏறக்கூடாதென்று முன்பே அவளை வலியசாலையில் அத்தை வீட்டில் கொண்டுபோய் விட்டிருந்தார்கள். அது எவ்வளவு நல்லதாகப் போயிற்று என்பது டாக்டர் என் முதுகிலிருந்த கொப்புளங்களைப் பார்த்தபோதுதான் தெரிந்தது. சின்னம்மைதான் என்றார். பிறகு அம்மாவைப் பற்றி விசாரித்தார்.

“கர்ப்பிணி அடுத்து வருவே செய்யருது, கேட்டோ. குஞ்ஞினு ஆபத்தா” என்றார் அப்பாவிடம்.

பள்ளிக்கூடத்தில் நாள் முழுக்கக் காதில் விழுகிற மலையாளம். கர்ப்பிணி கிட்டவே வரக்கூடாதாம், குஞ்ஞுக்கு ஆபத்தாம். குஞ்ஞு என்றால் அம்மா வயிற்றிலிருக்கும் பாப்பா. ஒரு வார்த்தை விடாமல் புரிந்தது. புரியாமல் இருந்திருக்கலாம். என் உடம்பிலிருப்பது வெளியே போனால் பாப்பாவைக் கொன்றுவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆட்டோவில் வரும்போது மூச்சைக்கூட மெதுவாகத்தான் விட்டேன்.

யார் என்னைப் பார்த்துக்கொள்வது என்ற பேச்சு வந்தது. அம்மன் ஓர் உடம்பில் ஒரு தடவைதான் இறங்குவாள், மறுபடி வரமாட்டாள் என்பது எங்கள் வீட்டுச் சட்டம். அதனால் வந்து போனவர்கள்தான் பக்கத்தில் இருக்கலாம். அப்பாவுக்கு வந்ததில்லை. சித்தப்பாவுக்கும் இல்லை. அத்தைக்கு வந்திருக்கிறது, ஆனால் அவள் அம்மாவோடு இருக்க வேண்டியவள். அப்பா தலையைச் சொறிந்தார்.

“எனக்குச் சின்னதுலயே வந்து போயாச்சு அத்தான்” என்றாள் சித்தி.

சித்தப்பாவைக் கட்டிக்கொண்டு அவள் எங்கள் வீட்டுக்கு வந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. போனக்காடு தேயிலைத் தோட்டத்துப் பெண். தேயிலை ஏற்றப் போன சித்தப்பா, எங்களை ஒரு வார்த்தை கேட்காமல் அவளையும் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார். அம்மாவுக்கு அதில் மனத்தாங்கல். சித்தியின் பெயரை அம்மா சொல்லி நான் கேட்டதில்லை, ‘எஸ்டேட்காரி’தான். அவள் போடும் டீயில் தூள் அதிகம், நடை வேகம், குரல் சத்தம் என்று அம்மாவிடம் புகாருக்குப் பஞ்சமே இல்லை.

அப்பா சந்தேகமாகப் பார்த்தார். சித்தி சேலையைக் கணுக்காலுக்கு மேல் கொஞ்சம் தூக்கி, அங்கிருந்த தழும்புகளைக் காட்டினாள். அரிசியைக் கையில் அள்ளிப் பார்த்தே பழசா புதுசா என்று சொல்லிவிடுகிற அப்பா, குனிந்து பார்த்து, “ஆமா, தழும்பு இருக்கே” என்றார். அதற்குப் பிறகுதான் பாய் சுருட்டிய கதை.

வாசலில் வேப்பிலை செருகினார்கள். தாளிப்பு கிடையாது, கஞ்சியும் இளநீரும்தான். ‘அம்மா வந்திருக்கா, பயப்படக் கூடாது’ என்று ஆளாளுக்குப் படியடியில் நின்று சொல்லிவிட்டுப் போனார்கள். ஐயோ, அதைச் சொல்லாமல் இருந்திருந்தால் நான் பாதி பயத்தோடு தப்பித்திருப்பேன்! வந்திருக்கிறாள் என்றால் எங்கே இருக்கிறாள்? கதவு இடுக்கிலா, என் பாய்க்குப் பக்கத்திலா? சுவரில் மாட்டியிருந்த காலண்டரில் சிவந்த முகமும் பெரிய கண்களுமாக இருந்தாள். எந்தப் பக்கம் புரண்டாலும் அந்தக் கண்கள் என்னையே பார்த்தன. சொறிந்தால் கோபித்துக்கொள்வாள் என்றார்கள். அரிப்பு உயிர் போனது. கையைத் தொடைக்கடியில் வைத்துக்கொண்டு அழுவேன். சித்தி வேப்பங்கொத்தால் முதுகை வருடிக்கொண்டே இருப்பாள்.

சாயங்காலமானால் அம்மா அத்தையைக் கூட்டிக்கொண்டு வந்து, தெருவுக்கு எதிர்ப்பக்கம் துணிக்கடைப் படியில் நிற்பாள். ஜன்னலில் என்னைத் தூக்கிக் காட்டுவாள் சித்தி. நான் வாயைப் பொத்திக்கொள்வேன், என் மூச்சு தெருவைத் தாண்டிப் போய்விடுமோ என்று. தெருவில் நிற்கிற அம்மா உள்ளே வரக்கூடாது, உள்ளே வந்த அம்மா வெளியே போகமாட்டாள்.

பயத்தை மறக்கச் சித்தி சொன்ன கதைகளும் லேசுப்பட்டவையல்ல. “எங்க எஸ்டேட்ல அட்டை இருக்கும் பாப்பா. மழை பெஞ்சாப் போதும், காலுல ஏறிரும். கடிக்கிறதே தெரியாது. வலிக்காம இருக்க என்னமோ ஒண்ணை உள்ள விட்டுட்டுத்தான் குடிக்கும். ஒடம்புக்கே தெரியாம ஒடம்புல உக்காந்திருக்கும், கள்ளப்பய அட்டை. என்னடா ஈரமா இருக்கேன்னு குனிஞ்சு பாத்தா ரத்தம்!” என்று சிரிப்பாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் கணுக்காலைத் தடவிப் பார்த்தேன். மூன்று சின்னக் கோடுகள் ஒரு புள்ளியில் கூடினாற்போல ஒவ்வொரு தழும்பும் இருந்தது.

“அம்மன் உங்ககிட்ட ஏன் சித்தி திரும்ப வரமாட்டா?”

“ஒரு தடவ பாத்த மொகத்த மறக்க மாட்டால்லா? அதான்.” சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

எனக்கு அது பெரிய ஆறுதலாக இருந்தது. என் முகத்தையும் நன்றாகப் பார்த்துக்கொள்ளட்டும் என்று அன்றிலிருந்து காலண்டருக்கு நேராகவே படுத்தேன்.

கொப்புளங்கள் காய்ந்தன. மூன்று தண்ணீரும் ஊற்றியாயிற்று. அப்பாவும் சித்தப்பாவும் ஒன்றுமே நடக்காத மாதிரி மேலே வந்து, கஞ்சி அலுத்துவிட்டது, குழம்பு வை என்றார்கள். சித்தி குழம்பு வைக்கவில்லை. சுவரோரமாகப் படுத்திருந்தாள். நெற்றி கொதித்தது. மறுநாள் கழுத்திலும் முகத்திலும் கொப்புளம்.

அந்த நிமிஷம் எனக்கு வந்த பயத்தைப் போல அதற்கு முன்பும் வந்ததில்லை, பின்பும் வந்ததில்லை. அம்மன் மறந்துவிட்டாள். பார்த்த முகத்தை மறந்துவிட்டாள்! அப்படியென்றால் என்னிடமும் திரும்ப வருவாள். எத்தனை முறை வேண்டுமானாலும் வருவாள். பாப்பா பிறந்த பிறகும் வருவாள். சட்டையைக் கழற்றி உடம்பைத் தேடிக்கொண்டே இருந்தேன்.

வளர்ந்தவர்களைப் பிடித்தால் அம்மை லேசில் விடாது என்பது எனக்குத் தெரியாது. சித்திக்கு மூச்சு வாங்கியது. ஒரு வார்த்தைக்கும் அடுத்த வார்த்தைக்கும் நடுவே வாயைத் திறந்து காற்றைத் தேடினாள். அப்பாவும் சித்தப்பாவும் முகத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு, அவளை நாற்காலியில் உட்காரவைத்துப் படியில் இறக்கினார்கள். இந்தத் தடவை ஓடவில்லை. சித்தப்பா சத்தம் போட்டு அழுதார்.

சேதி கேட்டு அம்மா வந்துவிட்டாள். எதிர்ப்பக்கத் துணிக்கடைப் படியில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தெருவைத் தாண்டி வரவிடாமல் அத்தை அவள் தோளைப் பிடித்திருந்தாள். கடைத்தெருவே திரும்பிப் பார்க்க அம்மா கத்தினாள்: “ஏண்டி இப்படிப் பண்ணின? ஏண்டி?”

ஜன்னலில் நின்ற என் காதிலும் அது விழுந்தது. சாமியை ‘டி’ போட்டுத் திட்டுகிறாள்! மறதிக்காரியானாலும் அம்மன் அம்மன்தானே, இதைக் கேட்டுக்கொண்டு சும்மா இருப்பாளா? அடுத்தது அம்மாதான், பாப்பாதான். ஓடிப்போய்க் காலண்டருக்கு முன்னால் குப்புற விழுந்தேன். எங்கம்மா தெரியாமல் சொல்லிவிட்டாள், மன்னித்துவிடு என்று தரையில் நெற்றியை முட்டிக்கொண்டே இருந்தேன்.

சித்தி பிழைத்து வந்தாள், பாதி உடம்பாக. தம்பி நல்லபடியாகப் பிறந்தான். அதன்பின் அம்மா சித்தியைப் பெயர் சொல்லித்தான் கூப்பிட்டாள். தூள் தூக்கலாக டீ போட்டு அவள் கையில் கொண்டுபோய்க் கொடுத்தாள். அம்மன் மேலிருந்த பயம் அம்மாவைத் திருத்திவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

கல்லூரியில் விலங்கியல் வகுப்பில்தான் எனக்கு விளங்கியது. ஒரு நோய் வந்து போன பிறகு, அதன் முகம் பார்த்த அணுக்கள் சில உடம்பிலேயே தங்கிவிடுகின்றன. எலும்புக்குள்ளும் நிணநீர் முடிச்சுகளுக்குள்ளும் பல வருஷம் காத்திருந்து, அது திரும்ப வந்தால் வாசலிலேயே மறிக்கின்றன. அபூர்வமாகத்தான் தவறுமாம். வேறொரு நாள் அட்டையைப் பற்றிப் பாடம். அதன் எச்சில் வலியையும் வீக்கத்தையும் அடக்கி, உடம்பைச் சத்தமில்லாமல் ஏமாற்றுகிறதாம். கடித்த இடத்தின் படத்தைக் காட்டினார்கள். மூன்று சின்னக் கோடுகள் ஒரு புள்ளியில் கூடியிருந்தன. என் நெற்றியிலிருந்த குழித் தழும்பைத் தொட்டுப் பார்த்தேன். அது வட்டமாக இருந்தது.

சித்திக்கு அதற்கு முன் அம்மை வந்ததே இல்லை.

அதை அம்மா அன்றைக்கே தெருவில் நின்று புரிந்துகொண்டிருக்கிறாள். அவள் கேட்ட கேள்விக்கு, நாற்காலியில் மூச்சு வாங்கிக்கொண்டிருந்த சித்தி ஏதாவது பதில் சொன்னாளா, கையையாவது அசைத்தாளா, எனக்குத் தெரியாது. நான் அந்த நேரத்தில் காலண்டருக்கு முன்னால் விழுந்து, சம்பந்தமே இல்லாத ஒருத்தியிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தேன்.