மருதாணிக்காரியின் போன்

பாகூர் பக்கம் கல்யாண வீடு என்றால் பெண்ணுக்கு மருதாணி வைக்க மெஹர் நிஷாவைத்தான் கூப்பிடுவார்கள். வைத்து முடித்ததும் பெண்ணை முகத்தோடு ஒரு படம் எடுப்பாள். வெளி ஆண்கள் கண்ணில் படக்கூடாத படம். பெண்ணின் அம்மாவுக்கு மட்டும் அனுப்புவாள். அந்த நம்பிக்கையில்தான் அவள் பிழைப்பு ஓடியது.

அதில் மண்ணைப் போட்டது ஓர் இலவச ஆப். மருதாணிச் சிவப்பை எடுப்பாகக் காட்டும் என்று இறக்கினாள். கேலரியைப் பார்க்கட்டுமா என்று கேட்டது, சரி என்று தொட்டாள். மொத்தத்தையும் வழித்துக்கொண்டு போய்விட்டது அந்தச் சனியன். சில மாதம் கழித்து அதே ஆப்பின் விளம்பரத்தில், அவள் மருதாணி வைத்த கல்யாணப் பெண் ஃபைஜா சிரித்துக்கொண்டிருந்தாள், எவனோ பூசிவிட்ட உதட்டுச் சாயத்தோடு. ஃபைஜாவின் அண்ணன் தமீம் அன்சாரி மெஹரின் வாசலில் வந்து நின்றான்.

"எங்க வூட்டுப் பொண்ணு படத்த வித்துத் துன்றியா?"

தெருவே கூடிவிட்டது. அப்புறம் யாரும் அவளைக் கூப்பிடவில்லை.

மூலக்குளத்தில் போன் கடை வைத்திருக்கும் சார்லஸிடம் போய் அழுதாள். அவன் ஒரு பழைய போனைச் சுத்தமாகத் துடைத்துவிட்டு வேறொரு சிஸ்டத்தை ஏற்றிக் கொடுத்தான்.

"இதுலயும் அதே ஆப்புங்கதாங்க்கா ஓடும். ஆனா ஒவ்வொண்ணையும் தனித்தனி ரூம்ல போட்டுப் பூட்டின மாதிரி. கேலரி கேட்டா, நீ தொட்டுக் குடுக்கிற படம் மட்டும்தான் அதுக்குத் தெரியும். நம்பருங்கள கேட்டா காலி லிஸ்ட்டு. எல்லாம் கெடச்சிட்ச்சுன்னு அது பாட்டுக்கு நெனச்சிக்கும்."

"குடுத்த அந்த ஒண்ண வெளிய அனுப்பிட்டா?"

"அந்த ஆப்புக்கு மட்டும் நெட்டயே கட் பண்ணிடலாம்க்கா."

முகமில்லாத கைப் படம் ஒன்றைக் கொடுத்துப் பார்த்தாள். ஆப் அதைச் சிவப்பாக்கித் தந்துவிட்டு வாயை மூடிக்கொண்டது. சீ, இப்படி அடங்கிக் கிடக்கத் தெரிந்த நாய்தானா அது என்று எரிச்சலாக வந்தது.

ஒருவழியாக நெட்டப்பாக்கத்திலிருந்து ஓர் அழைப்பு வந்தது, ஷைஸ்தா என்ற பெண்ணின் கல்யாணத்துக்கு. போனதுமே ஷைஸ்தாவின் அம்மாவிடம் புதுப் போனைக் காட்டி விளக்க ஆரம்பித்தாள்.

"அதெல்லாம் எனக்கு வேணாம் மெஹரு. ஒன் கதய ஊரே பேசுது. போன பைல போட்டு வெளிய வச்சிட்டு உள்ள வா."

வைத்துவிட்டுப் போனாள். உள்ளே ஷைஸ்தாவைச் சுற்றிச் சொந்தக்காரப் பெண்கள், ஆளுக்கொரு போனோடு. பக்கத்தில் இருந்தவளின் திரையைப் பார்த்தாள். அதே ஆப்.

"மாமி, இதாலதான் என் பேரு நாறிச்சு. எடுக்க வேணாம்னு சொல்லுங்க."

"அவங்கள்லாம் எங்க வூட்டுப் புள்ளைங்க. உனுக்கு இன்னா?"

அருவருப்பாக இருந்தது. இப்போது ஆப்பின் மேல்கூட இல்லை, இந்த மனிதர்களின் மேல். அதை விழுங்கிக்கொண்டு ஷைஸ்தாவின் உள்ளங்கையில் குனிந்தாள்.

"யக்கா, இங்க கொஞ்சம் பாருங்க."

பக்கத்தில் இருந்தவள் கூப்பிட, என்னவோ என்று மெஹர் நிமிர்ந்தாள். கிளிக் என்றது. திரையில் ஷைஸ்தாவின் முகத்தோடு சேர்த்து மெஹரின் முகத்தையும் அந்த ஆப் வெளுப்பாக்கிக்கொண்டிருந்தது.