கல்லின் மேல் அரலியாப் பூ

என் கணவர் மௌத்தாகி இரண்டாவது வருடம், திகனவுக்குப் பக்கத்தில் இருக்கும் நீர்ப்பாசன மரபுரிமைப் பூங்காவில் அவருக்கு ஒரு நினைவுக்கல் வைத்தார்கள். இரும்புக்கடை வைத்திருந்த மனிதர். ஞாயிற்றுக்கிழமைகளில் கடையை அடைத்துவிட்டுப் பழைய வாய்க்கால்களையும் மதகுகளையும் தேடி மலைப்பக்கம் திரிவார். அந்தப் பகுதியின் சரித்திரத்தை இரண்டு புத்தகமாகவும் போட்டார். சிலை வேண்டாம், முகமும் செதுக்க வேண்டாம் என்று நாங்கள் சொன்னதால், முழங்கால் உயரத்தில் ஒரு கருங்கல்லும் அதில் மூன்று மொழியில் அவர் பெயரும்தான்.

திறப்பு விழா முடிந்து சில வாரம் கழித்து மகளோடு போனேன். கல்லின் மேல் அரலியாப் பூக்கள், விகாரைகளில் வைக்கிற அந்த வெள்ளைப் பூ. வாடாத பூக்கள், காம்பெல்லாம் ஒரே பக்கம் பார்க்க அடுக்கியிருந்தன.

"இது ஆரு வச்ச?"

"வாப்பாட புத்தகம் வாசிச்ச ஆராவது வச்சிருப்பாங்க, உம்மா."

எங்கள் ஆட்கள் கல்லுக்குப் பூ வைக்க மாட்டார்கள். வாசகர் என்றால் ஒரு நாள் வைப்பார், போய்விடுவார். அடுத்த முறையும் புதுப் பூ இருந்தது. அதற்கடுத்த முறையும்.

அவர் மௌத்தான பிறகு இத்தா என்று வீட்டுக்குள்ளேயே இருந்த நாட்களில்கூட வராத யோசனை அப்போதுதான் வந்தது. அம்பிட்டியவிலிருந்து ஒரு பெண் அவருக்கு அடிக்கடி போன் எடுப்பார். யாழ்ப்பாணத்துப் பேச்சு. "ஓம், பிறகு எடுக்கிறன் எண்டு சொல்லுங்கோ" என்று, நான் எடுத்தால், மரியாதையாகத்தான் சொல்வார். ஓய்வு பெற்ற டீச்சர், பழைய வரைபடம் வாசிக்கத் தெரிந்தவர் என்றார் கணவர். ஆனால் அவரோடு பேச மட்டும் முற்றத்துக்குப் போவார். வீட்டுக்குள் சிக்னல் இல்லையாம். அதே வீட்டுக்குள் என் போனுக்குச் சிக்னல் இருந்தது.

மகளிடம் இதைச் சொல்ல வாய் வரவில்லை. மருந்து எடுக்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு, ஒரு புதன்கிழமை காலையில் தனியாக பஸ் ஏறினேன். பூங்கா திறந்ததும் உள்ளே போய், மாதிரி அணைக்கட்டுக்குப் பின்னால் இருந்த பெஞ்சில் உட்கார்ந்தேன். எந்தப் பெண் வந்தாலும் கல் பக்கம் போகிறாரா என்று பார்த்தேன். குடை பிடித்த ஒரு பெண் கல் பக்கம் திரும்பியபோது எழுந்தே விட்டேன். அவர் செல்ஃபி எடுத்துவிட்டுப் போனார்.

பிறகு பூங்காக் காவலாளி வந்தார். மடுல்கெல்ல தோட்டத்துப் பக்கத்து ஆள், முன்பே இரண்டொரு வார்த்தை பேசியிருக்கிறோம். கையிலிருந்த ஷாப்பிங் பையிலிருந்து பூவை எடுத்துக் கல்லின் மேல் அடுக்கினார்.

நான் நேரே போய் நின்றேன். "தம்பி, இத வைக்கச் சொல்லி உங்களுக்கு ஆரு சொன்ன? எந்தப் பொம்புள?"

அவர் திகைத்துப் போனார். "யாரும் சொல்லலீங்கம்மா. நானாத்தான் வைக்கிறேன்."

"ஏன்?"

"எல்லாரும் இதுமேல ஒக்காந்துர்றாங்கம்மா. சோத்துப் பார்சல பிரிச்சு வச்சுச் சாப்பிடுறாங்க. ஜோடிங்க வந்தா எந்திரிக்கவே மாட்டாங்க. ஐயா பேரு மேல கறி கொட்டுது, ஆபீஸ்ல என்னைத்தான் ஏசுறாங்க. பூ வச்சா சாமின்னு நெனச்சுக்கிட்டுத் தள்ளி நிக்கிறாங்க."

சிரிப்பதா, கோபப்படுவதா என்று தெரியவில்லை. நெஞ்சிலிருந்து ஏதோ இறங்கியது. முழுவதும் இறங்கியது என்று சொல்ல மாட்டேன். முற்றத்துப் பேச்சு என்னவென்று எனக்கு இன்றைக்கும் தெரியாது.

"இனி பூ வைக்க வாணாம், தம்பி. எங்கட மார்க்கத்துல அது சரியில்ல."

"அப்ப ஒக்காருவாங்களேம்மா?"

"இருக்கட்டும். ஆபீஸ்ல கேட்டா அவருட பொஞ்சாதி சொன்னதுன்னு சொல்லுங்க."

நோன்புப் பெருநாள் கழிந்து மகளோடு மறுபடி போனேன். பூ இல்லை. ஒரு குடும்பம் கல்லில் உட்கார்ந்து வடை தின்றுகொண்டிருந்தது. எங்களைக் கண்டதும் அந்தக் குடும்பத்து மனிதர் நகர்ந்து இடம் விட்டார். மகள் முகத்தைச் சுளித்தாள். எனக்குக் கால் வலி, நான் உட்கார்ந்துகொண்டேன்.