முட்டை வண்டியில் போன கொரிய ஹீரோ

போன ஞாயிற்றுக்கிழமை காலை என்னை மோகனூரிலிருந்து நாமக்கல்லுக்கு முட்டை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். ஆஸ்பத்திரிக்கு. உடம்புக்கு ஒன்றுமில்லை... கொஞ்சம் நடித்தேன், அவ்வளவுதான்.

விவரமாகச் சொல்கிறேன். சிரிப்பதாக இருந்தால் இப்போதே சிரித்துக்கொள்ளுங்கள்.

என் மனைவி கலாமணி இரண்டு மாதமாக ஒரு கொரியத் தொடர் பார்க்கிறாள். தமிழ் டப்பிங். ஹீரோ ஆயிரம் வயதான பனி தேவன். ஹீரோயின் சலவைக் கடை வைத்திருக்கும் பெண். அவனுக்கு ஒரு சாபம் — ஒரு சொட்டுக் கண்ணீர் விட்டாலும் கரைந்து காணாமல் போய்விடுவான். காதலிக்கலாம், கட்டிப்பிடிக்கலாம்... அழ மட்டும் கூடாது. ஆயிரம் வயதாம். முகத்தில் ஒரு சுருக்கம் உண்டா? ஐம்பத்து மூன்றில் எனக்கு வந்திருக்கும் தொப்பையில் பாதியாவது உண்டா?

அது போகட்டும். என் புகார் வேறு. அந்த ஆள் நடிக்கவே மாட்டேன் என்கிறான். காதலி கோபித்துக்கொண்டு போகிறாள் — பார்க்கிறான். மழை பெய்கிறது — பார்க்கிறான். வில்லன் கத்தியால் குத்துகிறான் — குத்தியவனையும் அப்படியே பார்க்கிறான். சந்தோஷம் வந்தால் உதட்டின் இடது ஓரம் மட்டும் அரை இன்ச் மேலே போகும். அதற்கே பின்னணியில் பத்து வயலின்!

"இதுக்குப் பேரு நடிப்பா? அழுகைன்னா மாருல அடிச்சுக்கிட்டு அழோணும்" என்றேன், சனிக்கிழமை மத்தியானம்.

கலாமணி டிவியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "ஏனுங்க, அழக்கூடாதுன்னு இருக்கறவன் அழாம நிக்கறது எவ்வளவு கஷ்டம்னு தெரியுமா? எங்கே, நீங்க ஒருக்கா பண்ணிக் காட்டுங்க பாக்கலாம்."

விடுவேனா?

மறுநாள் காலை சவரம் செய்யும்போதே கண்ணாடி முன்னால் ஒத்திகை. இமைக்காமல் பார்ப்பது வந்துவிட்டது. உதடுதான் தகராறு. இடது ஓரம் மேலே போனால் வலது ஓரம் தானாகக் கீழே இறங்குகிறது. என் முகத்துக்கு இதெல்லாம் பழக்கமில்லை, பாவம். இருக்கட்டும் என்று சாப்பிட வந்து உட்கார்ந்தேன்.

கலாமணி தோசை வைத்தாள். ஒரு விள்ளலை வாயில் போட்டுக்கொண்டு அவளைப் பார்த்தேன்.

"சட்னி போதுங்களா?"

பார்த்தேன்.

"உங்களைத்தானுங்க..."

உதட்டை இழுத்தேன். அவள் கையிலிருந்த கரண்டி கீழே விழுந்தது.

"ஏனுங்க... வாயி ஏன் இப்படிக் கோணுது?"

எனக்கு உள்ளூரப் பெருமை. அந்த ஹீரோயினும் இப்படித்தானே பதறுவாள்! இன்னும் கொஞ்சம் இழுத்தேன். அங்கேதான் தப்புச் செய்தேன். அதற்குள் அவள் போனில் தம்பியைக் கூப்பிட்டுவிட்டாள். "செந்திலு, மாமாவுக்கு வாயி இழுத்துக்கிச்சுடா! வண்டியை எடுத்துட்டு ஓடியா சாமி!"

செந்தில் கோழிப்பண்ணைக்காரன். அடுத்த தெருவிலேயே வீடு. முட்டை ஏற்றிய வேனோடு ஐந்தே நிமிடத்தில் வாசலில் நின்றான். நான் "சும்மா நடிச்சேன் கலா" என்றேன். அப்போதுதான் அடைத்த பாதி தோசை வாயில் இருந்தது.

"அக்கா, பேச்சும் கொழறுது!" என்றான் செந்தில். முடிந்தது கதை. தூக்கி உட்காரவைத்துவிட்டார்கள்.

முன்சீட்டில் மூன்று பேர். ஒவ்வொரு வேகத்தடையிலும் பின்னால் 'சளக்' என்று ஒரு சத்தம். எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சிரித்துக்கொண்டே திரும்பினேன்... கலாமணி என் வலது கையைப் பிடித்து விரல் விரலாக அழுத்திக்கொண்டிருந்தாள்.

"இறுக்கிப் புடிங்க. தெரியுதுங்களா? எங்கப்பனுக்கும் இப்படித்தான். சோத்துத் தட்டு முன்னால உக்காந்து வாயைக் கோணுனாரு. வெளையாடறாருன்னு நாங்க எல்லாம் சிரிச்சுக்கிட்டு இருந்துட்டோம்..."

மாமனார் பக்கவாதத்தில் போனது எனக்குத் தெரியும். அவர்கள் சிரித்தது தெரியாது. என் சிரிப்பு எங்கே போனதென்றே தெரியவில்லை.

ஆஸ்பத்திரியில் ஒரு இளம் பெண் டாக்டர். சிரிக்கச் சொன்னார், கையைத் தூக்கச் சொன்னார், பெயர் கேட்டார். எல்லாம் ஒழுங்காகச் செய்தேன். "எப்ப ஆரம்பிச்சது?" என்றார். தலையைக் குனிந்துகொண்டு உண்மையைச் சொன்னேன். நர்ஸ் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினார். டாக்டர் சிரிக்கவில்லை. என்னை விட்டுவிட்டு கலாமணியிடம் பேசினார்.

"நீங்க உடனே கூட்டிட்டு வந்ததுதாம்மா சரி. நாளைக்கே இப்படி ஆனாலும் யோசிக்காம வந்துடணும்."

திரும்பி வரும்போது செந்தில்தான் பேசினான். "நாலு அட்டை முட்டை போச்சுங்க மாமா. நல்லாத்தான் நடிச்சீங்க." கலாமணி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அதற்குப் பிறகு மூன்று நாள் வீட்டில் பேச்சே இல்லை. சோறு வந்தது, குழம்பு வந்தது... 'ஏனுங்க' மட்டும் வரவில்லை. என்னென்னவோ சொல்லிப் பார்த்தேன். சுவர்தான் கேட்டது.

புதன்கிழமை மத்தியானம் அவள் தொடர் பார்க்க உட்கார்ந்தாள். நானும் போய் சோபாவின் ஓரத்தில் உட்கார்ந்தேன். விமர்சனம் கிடையாது. பனி தேவன் தன்னை விட்டுப் போகப்போகிறான் என்று அந்தச் சலவைக் கடைப் பெண்ணுக்குத் தெரிந்துவிட்ட காட்சி. அவள் கத்தவில்லை. அவன் சட்டையை எடுத்து இஸ்திரி போடுகிறாள். முகத்தில் ஒன்றுமே இல்லை. தேய்த்த சட்டைக் கையையே மறுபடி தேய்க்கிறாள். மறுபடியும்.

"ஏன் கலா... அந்தப் புள்ள ஒரே கையையே தேய்ச்சுக்கிட்டு இருக்குது" என்றேன்.

"இப்பத்தான் கண்ணு தெரிஞ்சுதுங்களா?"

மூன்று நாள் கழித்து முதல் வார்த்தை!

"தப்புத்தான் கலா. உங்கப்பா சமாச்சாரம் எனக்குத் தெரியாது."

"நான் சொன்னதில்லை." டிவி சத்தத்தைக் குறைத்தாள். பிறகு, "மொதல்ல சிரிச்சது நாந்தானுங்க. அம்மாகிட்டக்கூட இதைச் சொன்னதில்லை" என்றாள்.

அப்புறம் அவளாகவே பேச ஆரம்பித்தாள். அப்பன் எப்படிக் கேலி பேசுவார், அன்றைக்கு என்ன குழம்பு, யார் வண்டி தேடி ஓடினார்கள்... எல்லாம். டிவி தன்பாட்டுக்கு ஓடியது. எப்போதும் குறுக்கே பேசுகிற நான் ஒரு முறைகூடக் குறுக்கே பேசவில்லை. நம்புங்கள். நடிக்கவும் இல்லை.

கல்யாணமாகி இருபத்தாறு வருடம். கட்டியவளைப் பற்றி ஒரு விஷயம் தெரிந்துகொள்ள எனக்கு நாமக்கல் வரை போகவேண்டியிருந்தது. உங்களுக்கு அவ்வளவு அலைச்சல் வேண்டாம் — சோபாவில் கொஞ்சம் நெருங்கி உட்கார்ந்தாலே போதும்!